எந்த ஊர் வண்டி?

"எந்த ஊரு வண்டியில கழட்டுனது பாய்?"

"பெருமுக்கல்."

"போன்ல கிளியனூர்னு சொன்னீங்க."

காயலான் கடைக்காரர் கமாலுதீன் சிரித்தார். "இடது பக்கத்து ஆர்ம் கிளியனூர் வண்டி. வலது பக்கம் பெருமுக்கல். ரெண்டுமே உப்புக்காத்து படாத ஊரு மேஸ்திரி."

இராயப்பன் சிரிக்கவில்லை. மரக்காணம் உப்பளத்தில் இருபது வருஷ மேஸ்திரி. கடலோரத்து வண்டியின் அடிப்பாகத்தை உப்பு எப்படித் தின்னும் என்று அவருக்குத் தெரியும். அவருடைய பழைய மாருதியில் முன்சக்கரங்களைத் தாங்கும் ஆர்ம் இரண்டும் அப்படித்தான் துருவேறிப் போயின. அந்தக் காரில்தான் மனைவி ஆனந்தம்மாளை வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்குப் பாண்டிச்சேரி அழைத்துப் போகிறார். ஓடும்போது ஒன்று முறிந்தால் அவ்வளவுதான்.

கூனிமேட்டில் இந்தக் காயலான் கடையை விட்டால் வேறு இல்லை.

"புதுசா பெயிண்ட் அடிச்சிருக்குது. எதை மறைக்க?"

"துரு புடிக்காம இருக்கத்தான்."

இராயப்பன் சாவியால் பெயிண்டைச் சுரண்டினார். போல்ட் ஓட்டைக்குள் விரலை விட்டுத் துடைத்து, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கிளாஸை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"கரிக்குதா?" என்றார் கமாலுதீன்.

"இப்ப கரிக்கல."

"பின்ன எப்ப கரிக்கும்? வீட்டுக்குப் போனப்புறமா?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். இராயப்பனுக்கு முகம் சிவந்தது.

"விளையாட்டு இல்ல பாய். நோயாளி உட்கார்ற வண்டி. பொய் சொல்லிக் குடுத்தீங்கன்னா அந்தப் பாவம் உங்களைச் சும்மா விடாது."

கமாலுதீன் ஆர்ம் இரண்டையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பொருளுக்குப் பொருள் என்றுதான் பேச்சு. இராயப்பன் பையிலிருந்து ஒரு ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுத்து வைத்தார். கமாலுதீன் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் சாக்கில் சுற்றினார்.

"பார்க்கலையா பாய்?"

"இவ்ளோ பார்த்து வாங்குற ஆளு, கெட்ட சாமானையா கொண்டாந்து குடுப்பீங்க? ஜமாத் வேனுக்கு வேணும். ஊர்ல யாருக்கு முடியலைன்னாலும் அதுலதான் ஏத்திட்டுப் போறோம். நேத்து ஒரு பிரசவ கேஸு, உள்ள பொண்ணு கத்துது, நாங்க நாலு பேரு வண்டியைத் தள்றோம்."

இராயப்பன் சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்ல மோட்டார்தான்" என்றார். ஆர்ம் இரண்டையும் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் ஆனந்தம்மாள் கேட்டாள், "சாமான் சுத்தமா?"

"நாக்குல வச்சே பார்த்துட்டேன். என்னை ஏமாத்த முடியுமா?"

"பாய் என்ன பார்த்தாரு?"

"ஒண்ணும் பார்க்கல."

"அப்ப, புயல் வெள்ளத்துல உப்பளத்துக்குள்ள முழுகிக் கெடந்த உங்க தம்பி காரு மோட்டாரை நாலு தடவை நல்ல தண்ணியில கழுவிக் காய வச்சீங்களே, அது வீண் வேலைதான்" என்றாள்.