ஆட்டப்பலகையில் பத்துத் தடவை

"தினம் காலையில ஆறு மணிக்கு என் தலைமேல இரும்பைப் போட்டா, மனுஷி தூங்குறதா வேணாமா?"

அன்று சாயங்காலம் கீழ்வீட்டு பஸ் கண்டக்டர் பெண்ணின் குரல் தெருமுனைவரை போனது. மாடியில் ஜிம் நடத்தும் மாஸ்டர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு படியில் நின்றான். எட்டிப் பார்க்க எதிர்வீட்டுக்காரர்கள் எங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்?

"தூக்கிப் பாத்தாத்தாங்க கஷ்டம் தெரியும்," என்று வாயைக் கொடுத்தான்.

"கொண்டாங்க, தூக்குறேன்."

தரையில் நின்று தூக்கச் சொல்லியிருக்கலாம். நூறு கிலோ தூக்குகிற ஆள். ஆனால் பத்துப் பேர் பார்க்கிறார்களே!

அடியில் அரைப்பந்து வைத்த ஆட்டப்பலகையை வாசலுக்கு இறக்கினான். அதில் ஏறினால் பாதிப் பலம் விழாமல் நிற்பதற்கே போய்விடும், மிச்சம்தான் தூக்குவதற்கு. தினமும் இதை நாலு பேருக்குச் சொல்லிக்கொடுப்பவனே அவன்தான்.

பலகைமேல் விழாமல் பத்துத் தடவை தூக்க வேண்டும் என்று பந்தயம். தோற்றால் அவள் இனி வாய் திறக்கக் கூடாது. அவன் தோற்றால் மாடியைக் காலி செய்ய வேண்டும். மாடி போனால் பிழைப்பும் போச்சு.

அவளுக்குக் கைக்கு ஐந்து கிலோ, தனக்கு இருபது என்று பெருந்தன்மை வேறு.

முதலில் அவன் ஏறினான். மூன்றாவது தடவை பலகை இடப்பக்கம் சரிந்தது. அவன் வலப்பக்கம் வெட்டி இழுத்தான். அடுத்த நொடி மாஸ்டர் செடித்தொட்டியில் உட்கார்ந்திருந்தான்.

அவள் செருப்பைக் கழற்றினாள். டிரைவர் எப்படிப் பிரேக் போட்டாலும் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழிக்கிற கால்கள். முழங்காலைத் தளர்த்தி, பலகை போன பக்கமெல்லாம் தானும் போய் வந்தாள்.

பத்து.

"இறங்குறவங்க இறங்கலாம், மாஸ்டர்."

சொன்ன வாக்குப்படி காலி செய்தான். சாமான் இறக்க அவள்தான் ஒரு கை கொடுத்தாள். கொடுத்த கையை அவன் விடவில்லை. ஆறே மாதத்தில் கல்யாணம். டிப்போ பக்கம் தனிவீடு பார்த்துப் போய்விட்டார்கள்.

குடிபோன மூன்றாம் நாள், இருட்டோடு அவள் சீருடையில் கிளம்பியதைப் பார்த்தபோதுதான் அவனுக்கு உறைத்ததாம். அவளுடைய வண்டி காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடும். ஆறு வருடமாக அதே வண்டி.

ஆறு மணிச் சத்தத்தில் தூக்கம் கெட்டு எழுந்ததெல்லாம் எதிர்வீட்டு நாங்கள்தான்.

"அப்போ அந்தச் சண்டை?" என்று கேட்டானாம்.

சில்லறை கேட்ட பயணியைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டாளாம்.