பலாமரத்துப் பொந்து

காட்டு ஆந்தை இரையைத் தோலோடு விழுங்கும். செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். அது என்ன தின்கிறது என்று ஆராய வந்த ஜெசிந்தா, பலாமரத்தடியில் பொறுக்கிய உருண்டைகளை வாசலில் உட்கார்ந்து நீரில் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் சின்னப் பித்தளை மணி இருந்தது. கழுவித் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுப் பவுனம்மா பால் கிண்ணத்தோடு வந்தாள். "எங்க பூனைக்குட்டியப் பாத்தியா பாப்பா? மணி கட்டியும் காணோம்."

"இல்லக்கா."

"ஆந்தை எலியத்தான் திங்கும்னு நீ சொன்னதால எங்க வீட்டுக்காரரு விட்டாரு. இல்லேன்னா பொந்துல தீய வச்சிருப்பாரு. உள்ள குஞ்சு வேற இருக்காம்."

"எலிதான்க்கா" என்று ஜெசிந்தா எழுந்தாள். பையில் மணி கிணுகிணுத்தது.

பவுனம்மாவின் முகம் மலர்ந்தது. "உன் வீட்டுக்குள்ளதான் இருக்கா, கள்ளி." கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, திறந்திருந்த கதவைப் பார்த்துக் கூப்பிட ஆரம்பித்தாள்.

ஜெசிந்தா அசையாமல் நின்றாள்.