பதினோராவது ஸ்டேஜ்

"அண்ணே, போன வாரம் சரிபண்ணிக் குடுத்தீங்களே, இதைப் பழையபடியே ஆக்கிக் குடுங்க."

கலைப்பிரியா கையடக்க கேம் பெட்டியை நீட்டியதும் ரிப்பேர் கடைப் புகழேந்திக்குச் சுருக்கென்றது. அதில் செருகியிருந்தது நகல் கேம்கள் ஏற்றிய கேட்ரிஜ். ஆடியது எதுவும் சேவ் ஆகவில்லை என்று அவள்தான் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை பஸ் ஏறி வந்து கொடுத்தாள். சேவ் செட்டிங் தப்பாக இருப்பதைக் கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு நாள் ஆனது.

"ஏம்மா, மறுபடியும் சேவ் ஆவலியா?"

"ஆவுதுண்ணே, அதான் பேஜாரு. பதினோராவது ஸ்டேஜில தொறக்குது. 'என் கேமை யாரு ஆடினது'ன்னு தெனம் காலையில ஒரே அழுகை."

"தானே ஆடிட்டு அழுவுறானா? பையன்கிட்ட எடுத்துச் சொல்லும்மா."

"பையன் இல்லண்ணே, எங்க வூட்டுக்காரரு. பைக்ல விழுந்து தலையில அடிபட்டதுலேர்ந்து நேத்து நடந்தது இன்னிக்கு ஞாபகம் இல்ல. தெனம் மொத ஸ்டேஜை முடிச்சுட்டு, 'கலை, எடுத்தவொடனே ஜெயிச்சுட்டேன் பாரு'ன்னு சிரிச்சிக்கினு வருவாரு. விட்ட எடத்துலேர்ந்து ஆடட்டும்னுதான் சரிபண்ணச் சொன்னேன், போன வாரத்தோட அந்தச் சிரிப்பே நின்னுபோச்சு."

புகழேந்தி தான் திருத்திய செட்டிங்கைத் தேடிப் பிடித்துத் தப்பாக்கினார். ஒரு ஸ்டேஜ் ஆடி, அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். முதலிலிருந்து தொடங்கியது.

"சரியாயிடிச்சும்மா" என்றார்.