மணி நின்ற இடம்
காலைப் பனி விலகவில்லை, கண்ணுகளா. பிரான்சில், எங்கள் பிரெத்தாஞ் பகுதிக் காட்டோரத்தில் வேட்டைக்காரர் கூல்வென், செத்துப்போன தன் ஸ்பானியல் நாயின் கழுத்துமணியை, வாங்கலாமா என்று சோதித்துப் பார்க்கக் கொண்டுவந்த செட்டர் ஜாதிப் பெட்டை நாய்க்குக் கட்டுகிறார். மணி நின்றால், நாய் பறவையைக் கண்டு அசையாமல் நிற்கிறது என்று அர்த்தம். “கால் நீளத்தைப் பாரு, குதிரையா வாங்குற? பழைய ஜாதியே வாங்குண்ணே” என்கிறாள் தங்கை கத்தெல். “அதே மூஞ்சியோட வேற ஒண்ணு வாசல்ல நின்னா எனக்குத் தாங்காது” என்கிறார் அவர். நாய் ஈரப் பெரணிப் புதருக்குள் பாய்கிறது. மணி ஓடுகிறது, வளைகிறது, தூரம் போகிறது. “பாத்தியா, இனி இதைப் பாரிஸ்லதான் தேடணும்...” மணி நிற்கிறது. கத்தெலின் வாயும் நிற்கிறது. பெரணி நுனியிலிருந்து ஒரு சொட்டு விழும் சத்தம்கூடக் கேட்கிறது. அவள் அண்ணனின் முதுகை மெல்லத் தள்ளுகிறாள். “போண்ணே. அவ காத்துட்டிருக்கா.”