ஐந்தாவது வேலை

கரும்பலகையில் ஐந்தாவது வேலைக்கு நேராக டிக் போட்டிருந்தது. விஜிக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

ஒக்கலிபுரத்தில் சீனிவாசராகவன் நடத்தும் அச்சகம் கல்யாணப் பத்திரிகைக்குப் பேர் போனது. ஆஷாட மாதத்தில் பெங்களூரில் கல்யாணம் கிடையாது. அச்சகத்தில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆனால் அவர் ஈ ஓட்டுகிற ஆள் இல்லை. சீசனில் செய்ய நேரமில்லாத வேலைகளைப் பலகையில் எழுதி வைத்து, அந்த ஒரு மாதத்தில் முடித்துவிடுவார்.

இந்த வருடமும் எழுதியிருந்தார். சுண்ணாம்பு அடிப்பது, மிஷினுக்கு எண்ணெய் போடுவது, அச்சு எழுத்துகளைக் கழுவுவது, சாம்பிள் ஆல்பத்தை மாற்றுவது. ஐந்தாவதாக ஒரே ஒரு வார்த்தை: அடுகோடி.

அடுகோடி என்றால் மகள் சுப்ரியாவின் வீடு. நாலு வருடத்துக்கு முன், லேத் பட்டறை வைத்திருக்கும் கிரணை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி. அன்று கதவைச் சாத்தியவர்தான் அவர். ஒவ்வொரு ஆஷாடத்திலும் மனைவி கோமளம் அழுவாள், அவரும் பலகையில் எழுதுவார். முதல் நாலு வேலையை முடிப்பதற்குள் மாதம் ஓடிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

இப்போது மற்ற நாலும் அப்படியே கிடக்க, ஐந்தாவது மட்டும் முடிந்திருந்தது.

விஜி பதினைந்து வருடமாக அங்கே அச்சுக் கோப்பவள். பள்ளிக்கூட லீவில் வரும் சுப்ரியாவுக்குப் பத்திரிகை மடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். வேலை இல்லாத மாதம் என்பதால் தங்கவயலில் அம்மா வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தாள்.

"சார், அடுகோடிக்குப் போய்ட்டு வந்தீங்களா?"

"போயிட்டு வந்தேன்." எழுத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"இதத்தானே சார் நாலு வருஷமா நாங்க சொல்றோம்! அம்மா?"

"அங்கதான் இருக்கா. வர ஒரு வாரம் ஆகும்."

விஜிக்குக் கண் கலங்கியது. வீராப்பெல்லாம் எங்கே போயிற்று என்று சீண்டலாமா என்று நினைத்தாள். பாவம், வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

"அஞ்சாவதா எழுதினது தப்பு, விஜி. மொதல்ல எழுதியிருக்கணும்."

"அதான் போய்ட்டு வந்துட்டீங்களே சார். விடுங்க."

அவர் மிஷினைக் காட்டினார். "மசித் தட்டத் தொடச்சு சிவப்பு போடு" என்றார்.

மிஷினில் மசித் தட்டு கறுப்பாக இருந்தது. அந்த அச்சகத்தில் கறுப்பு மசி ஒரே ஒரு காரியத்துக்குத்தான்.

"கருமாதிக் கார்டா சார்? ஆஷாடத்துல அது ஒண்ணுதான் வரும்."

"ம். அடிச்சு முடிச்சாச்சு." மேஜையில் பழுப்புக் காகிதப் பொட்டலம் ஒன்று நூல் கட்டித் தயாராக இருந்தது.

விஜி மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துச் சிவப்பு மசி தடவினாள். அவர் கோத்து முடித்த அச்சைத் தலைகீழாகவே படித்தாள். சௌபாக்யவதி சுப்ரியா. சிரஞ்சீவி கிரண். கீழே, தங்கள் வரவை விரும்பும் கோமளம், சீனிவாசராகவன்.

"தேதி பழசா இருக்கே சார்?"

"அவா கல்யாணம் பண்ணிண்ட தேதி."

"அப்போ ரிசப்ஷன் வைக்கப் போறீங்க! எத்தன போடட்டும்?"

"ஒண்ணு போறும்."

ப்ரூஃப் பார்க்கக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் ப்ரூஃப் போடும் மட்டக் காகிதத்தை அவர் எடுக்கவில்லை. அலமாரியின் மேல் தட்டிலிருந்து, ஓரத்தில் தங்கக் கோடு ஓடும் கார்டை எடுத்துக் கொடுத்தார். ஊரில் எத்தனையோ பேர் வீட்டுப் பெண்களுக்கு அதில் அடித்துக் கொடுத்திருக்கிறார்.

விஜி அடித்தெடுத்த கார்டின் மசி காய்ந்ததும், பெருமாள் படத்துக்கு முன்னால் இருந்த மஞ்சளைக் குழைத்து, நாலு மூலையிலும் தடவினார்.

"ப்ரூஃபுக்கு யாராச்சும் மஞ்சள் தடவுவாங்களா சார்?" விஜி சிரித்தாள். அவரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. கிரண் உள்ளே வந்தான். கல்யாணமான இத்தனை வருடத்தில் அந்தப் படியை அவன் மிதித்தது அன்றுதான். பல நாள் தாடி. தூங்காத கண்கள்.

"வாங்க மாப்பிள்ள, வாங்க!" விஜி அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "எங்க நம்ம வாயாடி? வண்டிகிட்டயே நிக்கிறாளா? அப்பா கடைக்குள்ள வர என்ன வெக்கம்?"

கிரண் தலையைக் குனிந்துகொண்டான். மாமனாரிடம், "ரெடியா மாமா?" என்று மட்டும் கேட்டான்.

சீனிவாசராகவன் மஞ்சள் தடவிய கார்டைப் பழுப்புப் பொட்டலத்தின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அவனிடம் நீட்டினார்.

விஜி பதறிப்போனாள். பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"ஐயோ சார்! அது கருமாதிக் கார்டு சார். யாரோடதையோ மாத்திக் குடுக்கறீங்க. கல்யாணப் பத்திரிகைய அது மேல வைக்கலாமா?"

அவர் கையை விலக்கிக்கொள்ளவில்லை. பொட்டலத்தையும் விடவில்லை.

"ரெண்டுமே என் பொண்ணோடதுதான், விஜி."