சாம்பல் தூணும் இருளப்பன் மீசையும்

சம்மட்டி ஓங்கி ஓங்கிக் கொத்தனார் இருளப்பனுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. உப்புக்காற்றில் உள்கம்பி துருவேறி வெடித்த படகுத்துறைத் தூண்களை இடிக்கும் வேலை. அவன் கட்டிய தூண் நாலே அடியில் பொலபொலவென்று உதிர்ந்தது. பக்கத்திலேயே அதே வருஷம், அனல்மின் நிலையச் சாம்பலைச் சிமெண்டோடு கலந்து சக கொத்தனார் மரியபுஷ்பம் கட்டிய தூணில் ஒரு கீறல்கூட இல்லை. சாம்பல் கலவை இறுக நாளாகும். அன்று அதை நகத்தால் சுரண்டிக் காட்டி, "சாம்பல் பாத்திரம் விளக்கத்தான் புள்ள. இது நின்னா என் மீசைய எடுத்துடறேன்" என்று எல்லோர் முன்னாலும் சிரித்திருந்தான். இன்று மனசு கேட்காமல் அதிலும் ஓங்கி ஒன்று போட்டான். சம்மட்டி துள்ளித் திரும்பியது.

"அண்ணே, சவரக்கத்தி வாங்கியாரவா?" என்றாள் மரியபுஷ்பம்.

"இந்த மழைக்காலமும் போகட்டும், புள்ள. அப்பவும் நின்னா பாப்போம்."

ஆட்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இருளப்பனும் மீசையைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மரியபுஷ்பத்துக்கு அவன் இன்னும் ஒரு மீசை பாக்கி.