சுவரில் ஒரு பாடகன்

ஜேர்மனியின் டோர்ட்மண்டில் மார்கழிப் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. பிறின்சியின் அறையில் ஒரு மெழுகுதிரி மட்டும் எரிகிறது. சுவரில் கறுப்பு வெள்ளைப் படமாக ஓர் இளைஞன். கசெற்றில் அவனுடைய குரல், கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல. அவன் பாட்டைக் கேட்கிற பிள்ளைகள் இந்த ஊரில் இன்னும் கறுப்புத்தான் உடுத்துகிறார்கள், பிறின்சியும் அப்படித்தான். போன கிழமை மன்னாரிலிருந்து வந்த நேசமலர் மாமி கதவடியில் நின்று படத்தையும் திரியையும் அவளுடைய கறுப்புச் சட்டையையும் பார்க்கிறார். சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொள்கிறார். “எப்ப மோசம்போனவர், பிள்ளை?” “நான் பிறந்த வருசம் செத்தவன், மாமி. பாட்டுக்காரன். சின்ன வயசு.” மாமி சிலுவை போட்டுக்கொண்டு முழந்தாளிடுகிறார். போரில் காணாமல்போன தன் மகனுக்கு இத்தனை வருடமாக ஒரு திரி கொளுத்தவும் யாரையும் விடாதவர். கூச்சத்தில் பிறின்சியின் கை கசெற்றை நிறுத்தும் பொத்தானுக்குப் போகிறது. “நிப்பாட்டாதை. பாடட்டும்.”

பாட்டு முடிகிறது. வெறும் நாடா இரைந்தபடி ஓடுகிறது. மாமி எழும்பவில்லை. அந்த இரைச்சலுக்குக் காதைச் சாய்த்து வெகுநேரம் இருக்கிறார். திரி அசையாமல் எரிகிறது. பிறகு மெல்லத் தலையாட்டுகிறார். “ஓம் மோனை,” என்கிறார் அந்த இரைச்சலிடம், “கேக்குது, சொல்லு.”